காலி நிலம் என்று நீங்கள் குறித்த புல்வெளிக்காக ஒரு மடல்

மரக்கன்று நடும் திட்டங்களை வகுப்பவர்களுக்கும் அவற்றுக்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் திட்ட அறிக்கைகளோடு வரும் வரைபடங்களை விடாமல் பார்ப்பவன் நான். காடு கரும்பச்சையில் இருக்கும், வயல் வெளிர்பச்சையில் இருக்கும், ஊர் சாம்பல் நிறத்தில் இருக்கும். இவை எதிலும் சேராத பரப்பு ஒன்று மஞ்சளாகக் கிடக்கும். ஓரக்குறிப்பில் அதற்குத் 'தரிசு' என்றோ, 'சிதைந்த காடு' என்றோ, 'நடவுக்கு ஏற்ற காலி நிலம்' என்றோ பெயர் போட்டிருக்கும். அந்த மஞ்சளில் பெரும்பகுதி புல்வெளி. அதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

காடு அழிந்த இடத்தில் அந்தக் காட்டின் மரங்களையே திரும்ப வளர்ப்பதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். வெட்டிச் சாய்த்த மழைக்காடு, கரை அரித்துப்போன ஆற்றோரம், அழிந்த அலையாத்திக் காடு, இங்கெல்லாம் உங்கள் உழைப்பு தேவை. நான் கேட்பது ஒன்றுதான். என்றைக்கும் காடாக இருந்திராத நிலத்தைக் காடாக்க முயலாதீர்கள். புல்வெளியில் குழி வெட்டாதீர்கள்.

நானும் வெட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பின் அழைப்பை ஏற்று, விடியற்காலையில் நாற்பது பேர் ஒரு மேட்டுப் புல்வெளிக்குப் போனோம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, வரிசை பிசகக் கூடாது. கடப்பாரை எளிதில் இறங்கவில்லை. மண் கெட்டி என்று நினைத்தேன். பெயர்த்தெடுத்த கட்டியை உடைத்தபோதுதான் கடப்பாரையைத் தடுத்தது எது என்று தெரிந்தது. மண்ணைவிட வேர்தான் அதில் அதிகம் இருந்தது. மயிரிழை போன்ற வேர்கள், ஒன்றோடொன்று பின்னி, பிய்க்க முடியாத பாய்போல. நாலாவது குழி வெட்ட வேண்டிய இடத்தில், ஒரு புல் தூரின் அடியில், கிண்ணம் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குள் மூன்று முட்டைகள். வானம்பாடியின் கூடு. அந்தப் பறவை காலையிலிருந்து எங்கள் தலைக்கு மேலே பாடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதை ரசித்துக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த இடத்தை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். எனக்கு முன்னும் பின்னும் வெட்டிய நூற்றுக்கணக்கான குழிகளில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து அங்கே போனபோது கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்தன. பிழைத்தவை தலைக்கு மேல் வளர்ந்திருந்தன, அவற்றின் உச்சியில் காகங்கள் உட்கார்ந்திருந்தன. வானம்பாடியின் குரல் கேட்கவில்லை.

அது ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. வானம்பாடி பறந்தபடி பாடுவதற்குக் காரணம், அது வாழும் நிலத்தில் உட்கார்ந்து பாட உயரமான கிளை இல்லை. கூடும் தரையில்தான். அதன் பாதுகாப்பெல்லாம் நாலா பக்கமும் தெரியும் வெட்டவெளியும், மண்ணோடு மண்ணாகக் கலந்துபோகும் முட்டையின் நிறமும்தான். அந்த வெளியில் பத்து மரம் முளைத்தால் காகத்துக்கும் வல்லூறுக்கும் பத்து கண்காணிப்புக் கோபுரம் கிடைத்த மாதிரி. கானமயிலின் கதையும் இதுவே. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையைத் தரையில் இடும் அந்தப் பெரிய பறவை இன்று 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. வட அமெரிக்காவில் 1970-லிருந்து ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-ல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. எண்ணிக்கையில் மிகப் பெரிய அடி புல்வெளிப் பறவைகளுக்குத்தான்: 72 கோடி போய்விட்டன, அதாவது பாதிக்கும் மேல். அங்கே உழவும் பூச்சிமருந்தும்தான் முதல் எதிரிகள், மரநடவு இல்லை. ஆனால் இப்படி ஏற்கனவே ஒடுங்கிப்போன உயிர்களின் கடைசி இடங்களைத்தான் உங்கள் வரைபடம் காலி என்கிறது.

புல் என்றால் அற்பம் என்று நம் மொழிக்குள்ளேயே ஏறிவிட்டது. புன்மை, புல்லன், புல்லறிவு. இழிவுக்கு எத்தனை சொற்கள் புல்லின் ஒலியோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் புல்லைப்போல் சாமர்த்தியமாகக் கட்டப்பட்ட உயிர் குறைவு. மரத்தின் வளர்முனை உச்சியில் இருக்கிறது, நுனியைக் கிள்ளினால் தடுமாறும். புல்லின் வளர்முனை தரையோடு ஒட்டி, இலைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மாடு கடித்தாலும், தீ கருக்கினாலும், பனி உறைந்தாலும் மேலே உள்ளதுதான் போகும். அடியிலிருந்து மறுபடி தூர் வெடிக்கும். மேய்ச்சலுக்கும் தீக்கும் பழகிய இந்த உடலமைப்பு ஒரு நாளில் வந்ததல்ல. மத்திய இந்தியாவில் கிடைத்த டைனோசர் சாணத்தின் புதைபடிவங்களில் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருப்பதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். வெப்ப நாடுகளின் பெரும் புல்வெளிகள் பரவியது ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மனித இனத்தின் வயது 3 லட்சம் ஆண்டுகள்தான். ஆக, 'இங்கே முன்பு காடு இருந்தது, மனிதன் வெட்டியதால் புல்லாகிவிட்டது' என்று உங்கள் அறிக்கைகளில் வரும் வரி சில இடங்களுக்குப் பொருந்தும், எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. கோடரி பிறப்பதற்கு முன்பே இருந்த புல்வெளிகள் உண்டு.

பல்லுயிர் என்றால் மழைக்காடு என்று ஒரு படம் நம் மனதில் பதிந்திருக்கிறது. பெரிய பரப்பில் அது சரி. ஈக்வடாரின் மழைக்காட்டில் ஒரு ஹெக்டேரில் 942 தாவர இனங்களை எண்ணியிருக்கிறார்கள். ஆனால் குனிந்து ஒரு சதுர மீட்டரை மட்டும் பார்த்தால் கதை மாறுகிறது. அந்த அளவில் உலகச் சாதனையாகப் பதிவானது அர்ஜென்டினாவின் மலைப் புல்வெளி ஒன்று: ஒரே சதுர மீட்டரில் 89 இனங்கள். ஒரு சிறு மேசையின் பரப்பு, அவ்வளவுதான். இதை முதன்முதலில் படித்தபோது நான் அன்று வெட்டிய குழிகள்தான் நினைவுக்கு வந்தன.

பிரேசிலின் செராடோ சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த சவானா, அதாவது மரங்கள் அங்கங்கே நிற்கும் புல்வெளி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களின் வீடு. அதைத் 'தலைகீழ்க் காடு' என்பார்கள். அங்குள்ள பல செடிகள் முழங்கால் உயரம்தான் தெரியும், ஆனால் நிலத்தடியில் மரத்தண்டு போன்ற கட்டை பருத்துப் பரவியிருக்கும். தீ மேலே ஓடிவிட்டுப் போனதும் சில நாட்களில் அதிலிருந்து துளிர் வரும், பல இனங்கள் தீக்குப் பின்தான் பூக்கும். அந்தச் சவானாவில் பாதி ஏற்கனவே சோயா வயலாகவும் மாட்டுப்பண்ணையாகவும் மாறிவிட்டது. மீதியைக் காப்பதாக நினைத்துத் தீயை முழுக்க நிறுத்தினால் என்ன ஆகும்? ஸாவோ பாவ்லோ மாநிலத்தில் சுமார் முப்பது ஆண்டுகள் தீ தடுக்கப்பட்ட செராடோவை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மரங்கள் நெருங்கி மூடிய இடங்களில் தாவர இனங்கள் 27 சதவீதமும் எறும்பினங்கள் 35 சதவீதமும் குறைந்திருந்தன. சவானாவில் மட்டுமே வாழக்கூடிய இனங்களுக்கு ஏற்பட்ட இழப்பு இதைவிட மிக அதிகம். அதே இடத்தில் கார்பன் சேமிப்பு கூடியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கணக்குப் பேரேட்டில் அது வெற்றி. அந்தப் பேரேட்டில் எறும்புக்குப் பத்தி கிடையாது.

கார்பன் பற்றியே கொஞ்சம் பேசுவோம், ஏனென்றால் இன்று பணம் வருவது அந்த வழியாகத்தான். 2019 ஜூலையில் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேர் அளவுக்கு மரக்கவிகையை, அதாவது மரங்களின் இலைப்பந்தலை, வளர்க்க இடம் இருக்கிறது, அது 20,500 கோடி டன் கார்பனைப் பிடிக்கும் என்றது. அந்தச் செய்தி எப்படிப் பரவியது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சில மாதங்களிலேயே அதே இதழில் மறுப்புகள் வந்தன. புல்வெளியின் மண்ணில் ஏற்கனவே உள்ள கார்பனைக் கணக்கில் சரியாகக் கழிக்கவில்லை, பழமையான புல்வெளிகளையும் சவானாக்களையும் நடவு நிலமாகச் சேர்த்துவிட்டார்கள், எண் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகை என்று எழுதினார்கள் அறிவியலாளர்கள். மறுப்பு முதல் செய்தியின் வேகத்தில் பரவவில்லை. காட்டின் கார்பனில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரிகிறது, தீப்பிடித்தால் சில மணி நேரத்தில் போய்விடுகிறது. புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது, மேலே தீ ஓடினாலும் அங்கேயே கிடக்கிறது. இதோடு இன்னொன்றும் உண்டு. வெளிறிய புல் திருப்பி அனுப்பும் வெயிலைக் கருத்த மரக்கவிகை உறிஞ்சிக்கொள்ளும், சில நிலங்களில் இதனாலேயே நடவின் குளிர்ச்சிப் பயன் கரைந்துபோகும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'மரம் நட்டால் நீர் பெருகும்' என்று உங்கள் பதாகைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. வெட்டப்பட்ட காடு திரும்பும் மலைச்சரிவில் அது பெருமளவு உண்மையாகவும் இருக்கலாம். மரமில்லாத நிலத்தில் வேகமாக வளரும் யூகலிப்டசையும் பைனையும் நட்டால் நடப்பது வேறு. உலகெங்கும் அப்படி நடந்த இடங்களின் தரவுகளைத் திரட்டி 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. ஓடைகளில் நீர்வரத்து சராசரியாக 52 சதவீதம் குறைந்திருந்தது. 13 சதவீத ஓடைகள் குறைந்தது ஓர் ஆண்டாவது முழுதாக வற்றிப்போயின. காரணம் எளிது. மரம் ஆழத்தில் வேர் விட்டு ஆண்டு முழுக்க நீரை உறிஞ்சி இலை வழியே காற்றில் விடுகிறது. புல் வறண்ட பருவத்தில் காய்ந்து உறங்கிவிடுகிறது, அந்த மிச்சம் மண் வழியாகக் கசிந்து ஓடைக்குப் போகிறது. தென்னாப்பிரிக்கா இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டது. வெளியிலிருந்து வந்த பைன், அகேசியா வகை மரமான வாட்டில், யூகலிப்டஸ் எல்லாம் நீர்ப்பிடிப்பு மலைகளில் பரவியதைப் பார்த்து, அவற்றை வெட்டி அகற்றுவதற்கென்றே 1995-ல் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயரை 'தண்ணீருக்காக வேலை' என்று தமிழில் சொல்லலாம். வேலையில்லாத எளிய மக்களுக்குக் கூலி, ஊருக்குத் தண்ணீர், மலைக்கு அதன் சொந்தச் செடிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளிலும் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளை வாட்டிலும் பைனும் இப்படித்தான் விழுங்கின. வரையாடும் நெட்டைக்காலிப் பறவைகளும் எஞ்சிய திட்டுகளுக்கு ஒதுங்கிவிட்டன. அங்கேயும் இப்போது வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

தவறு பெரிய அளவில் நடந்து, திருத்தமும் நடந்த ஓர் இடம் ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கிறது. ஃப்ளோ கன்ட்ரி என்று பெயர். புல்வெளி அல்ல, பாசி பாதி மட்கி மீட்டர் கணக்கில் அடுக்கடுக்காகப் படிந்த கரிச்சேற்று நிலம். ஆனால் இதையும் வெறும் நிலம் என்றுதான் நினைத்தார்கள். 1980-களில் வரிச்சலுகை கிடைத்ததால் பணக்காரர்கள் அங்கே ஊசியிலை மரங்களை நடுவதில் முதலிட்டார்கள். நிலத்தைக் கீறி, வாய்க்கால் வெட்டி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஊறிக்கிடந்த சேற்றை வடித்தார்கள். வடிந்த சேறு காற்றுப் பட்டதும் மட்கிக் கார்பனை வெளிவிடத் தொடங்கியது. தரையில் கூடு கட்டும் கரைப்பறவைகள் தோட்டத்துக்குள் மட்டுமல்ல, அதன் விளிம்பிலிருந்து பல நூறு மீட்டர் தூரம் வரை விலகிப்போயின. 1988-ல் அந்த வரிச்சலுகையை நிறுத்தினார்கள். அதன் பிறகு, நட்ட மரங்களையே வெட்டி, வாய்க்கால்களை அடைத்து, நீரைத் திரும்ப ஏற்றும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2024-ல் அந்த நிலத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நடுவதற்கும் செலவு, பிடுங்குவதற்கும் செலவு. அங்கே சேற்றுக்குள் பாசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. பழைய புல்வெளிக்கு அந்த வாய்ப்பும் குறைவு. அழித்த புல்வெளியில் பச்சை சில ஆண்டுகளில் வந்துவிடும், ஆனால் நிலத்தடிக் கிழங்கும் கட்டையும் கொண்ட பழைய செடிகள் திரும்ப நூற்றாண்டுகள் பிடிக்கின்றன. தொலைவிலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒரே பச்சைதான்.

இத்தனைக்கும் நடுவில் உங்கள் எண்ணம் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் வரையறைப்படி, அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்களின் கவிகை 10 சதவீதத்தைத் தாண்டினால் அது காடு. அங்கங்கே மரம் நிற்கும் சவானா இந்த வரையறைக்குள் வந்து விழுந்ததும் 'மரம் குறைந்த காடு' ஆகிவிடுகிறது. மரம் குறைந்த காடு என்றால் சிதைந்த காடு. சிதைந்தது என்றால் சீர்செய்ய வேண்டும். ஒரு சொல்லில் தொடங்கி ஒரு குழியில் முடிகிறது. 2011-ல் ஜெர்மனியின் பான் நகரில் தொடங்கிய உறுதிமொழியின் இலக்கு 2030-க்குள் 35 கோடி ஹெக்டேரைச் சீரமைப்பது. இவ்வளவு பெரிய எண்ணை எட்டும் அவசரத்தில் யாரும் எதிர்க்காத நிலம் எது என்று தேடினால் கைக்கு அகப்படுவது புல்வெளிதான். அதற்காகப் பேச மேய்ச்சல்காரர்களைத் தவிர வேறு ஆளில்லை, அவர்கள் உங்கள் கூட்டங்களுக்கு அழைக்கப்படுவதும் இல்லை.

நிலத்தை அதன் உயிர்களிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தான்சானியாவின் செரங்கெட்டிச் சவானாவைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குள் வந்த வெக்கை நோய் மாடுகளோடு காட்டுமாடு போன்ற வில்டபீஸ்ட் மான்களையும் கொன்று குவித்தது. சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோயை ஒடுக்கியதும், 1960-வாக்கில் மூன்று லட்சத்துக்குள் இருந்த மான்கள் 1970-களின் இறுதியில் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டின. அத்தனை வாய்களும் புல்லை மேய்ந்ததால் எரிய மிச்சமிருந்த சருகு குறைந்தது, தீ குறைந்தது, தீ குறைந்த இடங்களில் மரங்கள் தாமாகவே கூடின. கார்பனை வெளியிட்டு வந்த அந்த நிலம் கார்பனைச் சேர்க்கும் நிலமாக மாறியது என்று 2009-ல் கணக்கிட்டார்கள். ஒரு கன்றையும் யாரும் நடவில்லை. எவ்வளவு மரம், எவ்வளவு புல் என்பதை மழையும் தீயும் மேயும் விலங்கும் சேர்ந்து தீர்மானித்தன. அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு நகரும், அப்படி நகர்வதுதான் சவானா.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்? முதலில் உங்கள் படிவங்களிலிருந்து 'காலி நிலம்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் குழிக்கு அளவு போடும் முன், அங்குள்ள செடிகளைப் பெயர் சொல்லத் தெரிந்த ஒருவரும், அந்த நிலத்தில் ஆடு மாடு மேய்த்து முதுமை அடைந்த ஒருவரும் நடந்து பார்க்கட்டும். நிலத்தடிக் கிழங்கும் கட்டையும் கொண்ட செடிகள் நிறைய இருந்தால் அது பழைய புல்வெளி, அங்கே வேலையை நிறுத்திவிடுங்கள். கன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் முறையை மாற்றுங்கள், ஏனென்றால் அந்த முறையில் கன்று நடாமல் நிலத்தைக் காத்தவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அன்னியக் களைமரங்களை அகற்றவும், உரிய பருவத்தில் அளவோடு தீ மூட்டவும், மேய்ச்சலை முறைப்படுத்தவும் அதே பணத்தைத் திருப்பிவிடலாம். 2022 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியாலில் பல்லுயிரைக் காக்க நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்குகள், சிதைந்த சூழல் அமைப்புகளில் 30 சதவீதத்தையாவது மீட்கும் பணி 2030-க்குள் நடைபெற வேண்டும் என்கின்றன. சூழல் அமைப்பு என்றுதான் அதில் இருக்கிறது, மரம் என்று இல்லை. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்ததும் உங்கள் கைக்கு வலு சேர்க்கும்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த நடவுப் பருவத்துப் பட்டியலில் உள்ள மஞ்சள் பரப்புகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் போகட்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம் ஒன்றைச் செய்து தரையில் வைத்து, மண்டியிட்டு, அதற்குள் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று நீங்களே எண்ணுங்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பாடும் பறவைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணி முடித்த பிறகு எத்தனை குழி என்று முடிவு செய்யலாம். கூப்பிட்டால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஒருகாலத்தில் புல்வெளியில் குழி வெட்டியவன்